கோவிந்தம்மாளின் ரவிக்கையில் முளைத்த கேழ்வரகு

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடிய அந்தச் சித்திரை மாதத்தில், பட்டணத்தைப் பார்த்துப் போன ரயிலில் ஒரே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்த வண்டிகளில் கூரைமேல்கூட இடமில்லை. இவள் ஒருத்திக்கு ஒரு முழுப் பெட்டி. அரக்கோணத்தில் ஒரு போர்ட்டர் ஜன்னலோரம் வந்து நின்று, "ஏம்மா, அல்லாரும் இந்தாண்ட வராங்க, நீ இன்னா அந்தாண்ட போற? குண்டு போடறான், தெரியாதா?" என்று கேட்டிருக்கிறான்.

"எம் மாருல ஏற்கெனவே ஒண்ணு போட்டுட்டான். இன்னொண்ணு போடறதுன்னா போட்டுக்கட்டும்" என்றாள் கோவிந்தம்மாள்.

போர்ட்டர் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டுச் சாமியாராகப் போய்விட்டான் என்று சொல்வார்கள். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அவள் பட்டணம் போனதும், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டு உயிரோடு திரும்பியதும் மட்டும் சத்தியம்.

அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். தறியில் ஏற்றுவதற்கு முன் தெருநீளத்துக்கு நூலை விரித்துக் கட்டிக் கஞ்சி போடுவார்களே, அந்தப் பாவுக் கஞ்சியின் பதம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைத் தெரு பாவைத் தொடவிடவில்லை. அவள் கைபட்ட நூலில் நோய் ஏறி, நூல் புடவையாகி, புடவை கட்டுகிறவள் மாரில் இறங்கிவிடுமாம். அவள் புருஷனுக்கோ, அவள் கட்டுப் பிரித்த அன்றைக்குப் பார்த்து, பம்பாய் மில்லில் வேலை காலியாக இருப்பது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. போனவன் போனவன்தான். "அவன் செத்தான்னு சேதி வரட்டும், அப்பால பொட்ட அழிக்கறேன்" என்று நெற்றியில் முன்னைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு, ஒரு கைத் தையல் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு திருத்தணிக்கு வந்து சேர்ந்தாள்.

மலையடிவாரத்துச் சத்திரத்தில் ஒரு பக்கக் கொட்டகை கிடைத்தது. காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் துணி தைத்தாள், ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். அங்கேதான் ஜெயம்மாள் வந்து ஒட்டிக்கொண்டாள். புகையிலை அடக்கி அடக்கி வாயில் புற்று வந்து, கன்னத்தில் காலணா அகலத்துக்கு ஓட்டை விழுந்தவள். வீட்டார் மாட்டுக் கொட்டிலில் தனித்தட்டு வைத்திருந்தார்கள். கோவிந்தம்மாள் தன் தட்டிலேயே அவளுக்குப் போட்டுத் தானும் தின்றாள். அப்புறம் தொண்டையில் வந்த ஒரு வண்டிக்காரர், கருப்பையில் வந்த ஒரு கூலிக்காரி என்று ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

ஊரில் வீட்டுக்கு வீடு உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள், கோயிலுக்கோ மடத்துக்கோ கொடுக்க. அந்தப் பிடியரிசியில் ஒரு பங்கை ஜெயம்மாள் கேட்டு வாங்கி வந்தாள். மற்ற இடங்களில் கன்னத்து ஓட்டையைக் கையால் மூடிக்கொள்கிறவள், அரிசி கேட்கும்போது மட்டும் கையை எடுத்துவிட்டு நிற்பாள். அரிசி சடாரென்று விழும். "இந்த ஓட்டைய அடைச்சிட்டா நம்ம கூட்டத்துக்குச் சோறு இல்லக்கா" என்பாள்.

கஞ்சி காய்ச்சுவது, பழைய வேட்டிகளை வெந்நீரில் கொதிக்க வைத்துக் கட்டுத்துணியாகக் கிழிப்பது, பட்டணத்துக்குக் கூடவே ரயிலேறி, கத்தி வைக்கிறவரைக்கும் ரேடியம் வைக்கிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்து திரும்பக் கூட்டி வருவது என்று வேலை வளர்ந்தது. இனிப் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கைவிரித்தவர்களையும் கோவிந்தம்மாள் கைவிடவில்லை. வண்டிக்காரர் கடைசி மூச்சு விடும்வரை, துணித்திரியை நனைத்து அவர் நாக்கில் சொட்டுச் சொட்டாகக் கஞ்சி விட்டவள் அவள்தான்.

ஊர் இதைப் 'புத்துக்காரிங்க சங்கம்' என்று கேலி பேசியது. கோவிந்தம்மாள் ஒரு பலகை வாங்கி அதே பெயரைச் சுண்ணாம்பால் எழுதி வாசலில் மாட்டிவிட்டாள். சத்திரத்து ஏஜெண்டு கஜபதி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பலகைய எறக்கும்மா. யாத்திரைக்காரங்க பயப்படறாங்க. தொத்து வியாதிங்கறாங்க."

"நாலு வருசமா நான் மொண்டு குடுக்கற தண்ணியத்தானே நைனா குடிக்கறீங்க. ஒங்களுக்கு மாரு முளைச்சி அதுல புத்தும் வந்துட்டுதா? வந்திருந்தா சொல்லுங்க, பலகைய எறக்கிடறேன்."

கஜபதி தம் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனவர் போனவர்தான். பலகை அங்கேயே இருந்தது.

சங்கத்துப் பெண்களுக்கு அவள் செய்த இன்னொரு உபகாரம் ரவிக்கை. ஒரு பக்கம் மார்பு எடுத்தவர்கள் வெறும் ரவிக்கை போட்டால் துணி தொய்ந்து தோள் சரிந்து நிற்கிறது. உள்ளே பை வைத்துத் தைத்தாள். இலவம்பஞ்சு அடைத்துப் பார்த்தாள்: மலைப்படி ஏறுவதற்குள் கழுத்துவரை மிதந்து வந்துவிட்டது. புளியங்கொட்டை போட்டாள்: நடந்தால் பல்லாங்குழி ஆடுகிற சத்தம். கடைசியில் கேழ்வரகு போட்டாள். கனமும் சரி, மெத்தென்று படிந்தும் கொடுத்தது. ஆனால் பச்சைக் கேழ்வரகு. வறுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வறுத்த தானியம் முளைக்காத தானியம், அதைப் பெண்பிள்ளை உடம்பில் வைத்தால் வம்சம் விளங்காது என்பது அந்தப் பக்கத்துப் பெண்கள் விடாமல் பிடித்திருந்த நம்பிக்கை. யாருக்கும் எதற்கும் அஞ்சாத கோவிந்தம்மாளும் அந்த ஒன்றுக்கு அஞ்சினாள்.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷத்து ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டத்தில் மலை மஞ்சளாகிக் கிடந்தது. தூறல் விட்டபாடில்லை. கோவிந்தம்மாள் விடியலிலேயே சரவணப் பொய்கையில் முங்கி, மலையேறி இறங்கி, ஈர ரவிக்கையோடு மெஷினில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளம் பெண் உள்ளே வந்தாள்.

"ரவிக்க தைக்கணும். எடது பக்கம் கொஞ்சம் லூசா."

"எடது பக்கம் மட்டுமா?"

"ஆங்."

கோவிந்தம்மாள் மெஷினை நிறுத்திக் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண் கோமளவல்லி. அம்மையார்குப்பத்தில் அதே நெசவுத் தெருக் குப்பம்மாளின் மருமகள், ராஜவேலுவின் பெண்சாதி, நடை பழகும் ஒரு பெண்குழந்தைக்குத் தாய். மார்பில் நெல்லிக்காய் அளவில் கல்மாதிரி ஒரு கட்டி. மலையில் சாமி மார்பில் சாத்திய சந்தனத்தை ஒரு மண்டலம் பூசு, கரைந்துவிடும் என்று மாமியார் சொல்லி, அவளும் பூசி முடித்தாயிற்று. கட்டி கரையவில்லை. திருத்தணி டாக்டர், இந்த மாதத்துக்குள் பட்டணம் போனால் பிழைக்கலாம், பொறுத்தால் என் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை என்று சொல்லிவிட்டார். மாமியாரோ இன்னொரு மண்டலம் பூசச் சொல்கிறாள்.

"ஒங்க வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?"

"அம்மா சொன்னா சரின்றாரு. அவங்க, அறுத்துக்கினு வந்தா நீ ஆம்பளையுமில்ல பொம்பளையுமில்ல, எம் புள்ளைக்கு வேற பாக்கறேன்றாங்க." கோமளவல்லி அழவில்லை. நேராகப் பார்த்துக் கேட்டாள். "அறுத்துட்டா எப்படிக்கா இருக்கும்? காட்டு."

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோவிந்தம்மாள் முந்தானையை விலக்கி, பொத்தானைக் கழற்றி, பையை ஒதுக்கிக் காட்டினாள். தட்டையான தோல், குறுக்கே பாவுநூல் ஓடினதுபோல் ஒரு தழும்பு. கோமளவல்லி குனிந்து, ஒரு விரலால் அதன் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தொட்டுப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"அப்ப எனுக்கு பயமில்ல. எங்க அத்தைகிட்டப் பேச நீ வரணும்."

கோவிந்தம்மாள் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். மறுபடி அந்தத் தெருவா? ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல அவள் வாய் பழகியிருக்கவில்லை.

மூன்றாம் நாள், கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் புகையும் புழுக்கமுமாக அம்மையார்குப்பம் போய் இறங்கினாள். மார்பில் ஏதோ குறுகுறுவென்றது. மூன்று நாள் தூறலில் காயாத ரவிக்கைதானே என்று சொறிந்துகொண்டே நடந்தாள். அவள் தெருவில் கால் வைத்ததும் தறிகள் ஒவ்வொன்றாக ஓசை அடங்கின. குப்பம்மாள் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"போனவ திரும்பி வராளே."

"நான் எங்க போனேன்? நீங்கதான் தொரத்துனீங்க. குந்த ஒரு பலகை போடு, குப்பம்மா."

"ஒனக்குப் பலகை போட்டா அப்பால அத எரிக்கணும்."

"எரி. ஒரு வேளை அடுப்புக்கு ஆச்சி."

"எம் மருமவளுக்கு இன்னா மருந்து வெச்சே? மலைக்குப் போயி வந்ததுலேருந்து பட்டணம் பட்டணம்னுகினு இருக்கா."

"மருந்து வெக்கல. மாரைத் தொறந்து காட்டினேன்."

வேடிக்கை பார்த்த ஆண்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் தறியில் நூல் அறுந்துவிட்டதுபோல, உள்ளே போய்விட்டார்கள். பெண்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"வெக்கங்கெட்டவளே. ஒடம்புல குறை வந்தா மூடிக்கினு மூலையில கெடக்கணும்."

"யாரு, நானா? மலைமேல இருக்கற சாமிக்கே நெஞ்சுல குழி இருக்குது, தெரியுமில்ல? அசுரன் வீசின சக்கரத்த நெஞ்சுல வாங்கிக்கினு நின்னாரே, அந்தக் குழி. அங்க சாத்தின சந்தனத்தைத்தானே மருமவளுக்குப் பூசறே. அவரு மூலையிலயா கெடக்கறாரு? ஊருக்கே காட்டிக்கினு ஒசரத்துல நிக்கறாரு."

"அவரு சாமி. ஆம்பள."

"அதனால வள்ளியும் தெய்வானையும் கோவிச்சிக்கினு பொறந்த வூட்டுக்குப் போயிட்டாங்களா, கேட்டுச் சொல்லு."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். குப்பம்மாள் பதிலுக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை. அவள் பார்வை கோவிந்தம்மாளின் கழுத்தோரத்தில் குத்திட்டு நின்றது. ரவிக்கைத் தையலின் வழியே, கல்யாணப் பாலிகையில் முளைப்பதுபோல, வெள்ளையும் இளம்பச்சையுமாகப் பயிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தாயே" என்றாள் குப்பம்மாள்.

பின்னாலிருந்த கிழவி ஒருத்தி தொப்பென்று விழுந்து கும்பிட்டாள். எங்கிருந்தோ கற்பூரம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளைத் தண்ணீர்க்குடத்தருகே சேர்க்காத தெரு, மஞ்சள் தண்ணீர் கரைத்து அவள் காலில் ஊற்றியது. கோவிந்தம்மாள் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். நடந்தது புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கியதில் அவள் உடம்பு குலுங்க, அம்மன் இறங்கிவிட்டாள் என்று தெருவே குலவையிட்டது.

ஒரே ஒரு வார்த்தை போதும். 'அவளைப் பட்டணத்துக்கு அனுப்பு' என்று உருட்டி விழித்து ஒரு அதட்டுப் போட்டால், குப்பம்மாளே மருமகளைத் தோளில் தூக்கிப் போவாள். கோவிந்தம்மாள் மூச்சை இழுத்தாள். ஆனால் குப்பம்மாள் முந்திக்கொண்டாள். உள்ளே ஓடி, கோமளவல்லியைத் தரதரவென்று இழுத்து வந்து முன்னால் நிறுத்தினாள்.

"தாயே, தெரியாம பேசிட்டேன். ஒன் கையால ஒரு தபா தடவிக் குடு. ஆஸ்பத்திரியும் வாணாம், கத்தியும் வாணாம். நீ தொட்டா கரைஞ்சிடும்."

கோமளவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. நோயைக் கண்டு வந்த பயமில்லை; நீயும் என்னைச் சந்தனத்துக்கே கொடுத்துவிடுவாயா என்ற பயம். சாமியாகிவிட்டால் அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்ல சாமிக்கு வாயேது? தடவு என்பார்கள், நாளைக்கு வா என்பார்கள், இன்னொரு மண்டலம் என்பார்கள். கட்டி காத்திருக்காது.

கோவிந்தம்மாள் கழுத்துக்குள் கைவிட்டு அந்தப் பையை வெடுக்கென்று உருவினாள். பல்லால் கடித்துக் கிழித்து, கற்பூரத் தட்டின்மேல் கொட்டினாள். வேரும் முளையுமாகப் பின்னிக்கிடந்த தானியம் சொத்தென்று விழுந்து கற்பூரத்தை அணைத்தது.

"நல்லா பாத்துக்கோங்க. தாயுமில்ல, பேயுமில்ல. இது கேவுரு. கிருத்திகை அன்னைக்கு நனைஞ்சிது, முளைச்சிக்கிச்சி. எங்கிட்ட வரமும் இல்ல, மந்திரமும் இல்ல. கட்டிய அறுத்தாங்க, பொழைச்சேன். அதேதான் இவளுக்கும். என் தடவலுக்கு ஒரு கொசுக்கடிகூட ஆறாது."

ஒரு பக்கம் தட்டையாக, தோள் சரிந்து, மூடிக்கொள்ளாமல் நின்றாள். அப்புறம் தெருவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, கும்பிட்டது வீணாய்ப் போன கோபம், அது பொல்லாதது. ஏமாற்றுக்காரி என்றார்கள். யாரோ ஒரு புண்ணியவதி பாவுக் கஞ்சியை வாளியோடு அவள்மேல் வீசினாள். கஞ்சி வழிய வழிய நடந்து போனவளின் முதுகுக்குப் பின்னால் கோமளவல்லி குரல் கொடுத்தாள், தெருவுக்கே கேட்கும்படி.

"அக்கா, செவ்வாக்கெழம காத்தால ஸ்டேஷனுக்கு வந்துடறேன். நீ சாமின்னு சொல்லியிருந்தா வந்திருக்கமாட்டேன்."

திருத்தணி போய்ச் சேர்வதற்குள் கஞ்சி காய்ந்து கோவிந்தம்மாளின் புடவை பலகையாக விறைத்துவிட்டது. பஸ்ஸில் அவளை உட்காரவைக்க முடியாமல் ஏணிபோல் சாய்த்து வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று ஜெயம்மாள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி கோமளவல்லி வந்தாள். ராஜவேலு கூட வரவில்லை. ஆனால் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னானாம். வண்டியில் இருவரும் ஏறி உட்கார்ந்த நேரத்துக்குக் குப்பம்மாள் தலைவிரிகோலமாக வந்து பெட்டிக்குள் பாய்ந்தாள். மருமகளின் மூட்டையை ஒரு முனையில் பிடித்தாள். மறுமுனையைக் கோவிந்தம்மாள் பிடித்தாள்.

"எறங்குடி."

"மாட்டேன், அத்த."

"ஊரு சிரிக்கும்டி."

"செத்தா மட்டும் ஊரு அழுதுகினே இருக்குமா?"

இந்த இழுபறியில் கார்டு ஊதின விசில் யார் காதிலும் விழவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. குப்பம்மாள் அரக்கோணம்வரை திட்டினாள். அங்கே வண்டி மாறும்போதும் மூட்டையை விடாமல் திட்டிக்கொண்டே கூட வந்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரி வாசலில் தொண்டை கட்டித்தான் நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். இன்றைக்கே எடுத்துவிடலாம், நல்ல சமயத்தில் வந்தாய் என்றார். குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டினார்.

"புருஷன் கைநாட்டு வெக்கணும்."

"வரல. நான் வெக்கறேன்" என்றாள் கோவிந்தம்மாள்.

"நீங்க யாரு?"

"சங்கம்."

"சங்கமெல்லாம் செல்லாதும்மா. புருஷன் இல்லன்னா வூட்டுப் பெரியவங்க. இல்லன்னா கத்தி வெக்கமாட்டாங்க."

கஞ்சி, கட்டுத்துணி, ரயில், பலகை, வாய் எல்லாம் வைத்திருந்த சங்கத்தில் அந்த ஒரு கட்டைவிரல் இல்லை. கோவிந்தம்மாள் திரும்பிக் குப்பம்மாளின் கையைப் பார்த்தாள். குப்பம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கி, வார்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மெரட்டாத, அழாத" என்றாள், யாரும் மிரட்டாமலும் அழாமலும் இருக்கும்போதே. "வெக்கமாட்டேன்."

கோமளவல்லி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வாசலை ஒட்டிய கட்டிலில் ஒரு கிழவி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நகரிப் பக்கத்துத் தெலுங்குக்காரி. அவளிடமிருந்து சந்தன வாசனை வந்தது. குப்பம்மாள் பழகின வாசனை என்று மூக்கை அந்தப் பக்கம் திருப்பினாள். சந்தனத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. குப்பம்மாள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் திருப்பிக்கொள்ளவில்லை. எல்லைப்பக்கத்தில் எல்லாருக்கும் வருகிற தெலுங்கில், உடம்புக்கு என்ன என்று மெதுவாகக் கேட்டாள்.

கிழவி மூச்சு வாங்கிச் சொன்னாள். அவளுக்கும் கட்டிதான். சின்னதாக இருந்தபோது வீட்டார் சந்தனம் பூசச் சொன்னார்கள். மேலே குளிர்ச்சியாக இருந்தது, உள்ளே வளர்ந்தது. உடைந்தபிறகு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அறுப்பதற்கும் ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். வாடையை மறைக்க மட்டும் இன்னும் சந்தனம். சொல்லிவிட்டு, கோமளவல்லியைக் காட்டி, "மீ கோடலா?" என்றாள். உங்கள் மருமகளா என்று. குப்பம்மாள் தலையசைத்தாள். "சீக்கிரமா கொண்டாந்துட்டே. நல்ல மாமியா" என்று தெலுங்கில் சொல்லிக் கிழவி கண்ணை மூடிக்கொண்டாள்.

குப்பம்மாள் மடக்கிய விரல்களைப் பிரித்தாள். எழுந்தபோது முழங்கால் சடக்கென்றது. நேரே குமாஸ்தாவிடம் போய் கையை நீட்டினாள்.

"மை எங்கய்யா?"

அவள் அழுத்திய அழுத்தலில் மேஜை ஆடி மைக்கூடு கவிழ்ந்தது. ஒரு கைநாட்டுக் கேட்ட இடத்தில் அரைக் காகிதம் கறுப்பாகிவிட்டது. அவள் திரும்பி, மருமகளைப் பார்த்துக் கட்டின தொண்டையிலேயே கத்தினாள்.

"இன்னாடி பாக்கற? போயி அறுத்துக்கினு வா. திரும்பி வரும்போது நம்ம தெருவுல எவளாச்சும் வாயத் தொறக்கட்டும். அப்பால நானாச்சி, அவளாச்சி."

கோமளவல்லி சிரித்தாள். படுக்கை வண்டியை நர்ஸம்மா உருட்டி வந்தாள்; இவள் வேண்டாமென்று கையை அசைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தே உள்ளே போனாள்.

கதவு சாத்தியதும் குப்பம்மாள் இடுப்பில் மைக்கையைத் துடைத்தாள். கோவிந்தம்மாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ இன்னா நின்னுகினே இருக்கற? அந்தக் கெழவி காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலியாம். கஞ்சி இருந்தா கொண்டா. நான் தலையைத் தூக்கிப் புடிக்கறேன், நீ ஊத்து."